லினக்ஸின் சத்தப் பிரச்சினை: ஒரு சிறு வரலாறு

கலாசாலையில் படித்த காலத்தில் எமக்குக் கிடைத்த பழைய லினக்ஸ் கணனியில் ஒரு வினோதம் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வீடியோவுக்குச் சத்தம் வராது. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்போம், வயரைக் கழற்றி மாட்டுவோம். கோளாறு அங்கே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

1990களில் லினக்ஸில் இருந்த ஓஎஸ்எஸ் முறையில் பெரும்பாலான சவுண்ட் கார்டுகளை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ளலாம். முதலில் வந்தவருக்கே கதிரை. எனவே நடுவில் ஒருவரை வைத்தார்கள். எல்லா மென்பொருளும் தமது சத்தத்தை அவரிடம் கொடுக்க, அவர் கலந்து கார்டுக்கு அனுப்புவார். அவர்தான் சவுண்ட் சேர்வர்.

ஆனால் நடுவர் இருவர் வந்துவிட்டார்கள்! என்லைட்டன்மென்ட்டுக்காக எழுதப்பட்ட ஈஎஸ்டியை க்னோம் எடுத்துக்கொண்டது. 2000 இல் வெளிவந்த கேடிஈ 2, ஸ்டீபன் வெஸ்டர்பெல்ட் எழுதிய ஆர்ட்ஸைக் கொண்டுவந்தது. சண்டை தீர்க்க வந்த இருவரும் அதே கார்டுக்கு அடிபட்டார்கள்.

ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்திருக்கலாமே என்று நாம் இலகுவாகக் கேட்டுவிடலாம். ஈஎஸ்டி எளிமையானது, ஆனால் சத்தம் தாமதிக்கும். வீடியோவில் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஆர்ட்ஸ் சிந்தசைசராகத் தொடங்கி, சி++ இல் எழுதப்பட்டு, கேடிஈயோடு பின்னிப் போனது. சி மொழியில் வேலை செய்த க்னோம்காரருக்கு அது அந்நியம். பின்னர் வெஸ்டர்பெல்டும் விலகினார். பழைய மென்பொருள்கள் உடையக்கூடாது என்ற வாக்குறுதியால், கவனிக்க ஆளில்லாத ஆர்ட்ஸை கேடிஈ 3 கடைசிவரை சுமந்தது. இந்த வரலாற்றில் எமக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். எத்தனையோ கணனிகளின் குரல் ஒரு மனிதரின் தோளில் இருந்திருக்கிறது. 2008 இல் கேடிஈ 4 வந்தபோதுதான் அந்தச் சுமை இறங்கியது.

2004 இல் லெனார்ட் பொட்டரிங் தொடங்கிய வேலை பின்னர் பல்ஸ்ஓடியோ என்று பெயர் பெற்றது. அதன் கெட்டித்தனம், ஈஎஸ்டி போலவே பேசத் தெரிந்திருந்ததுதான். பழைய மென்பொருள்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. 2007 இல் பெடோரா 8, அடுத்த வருடம் உபுண்டு 8.04 என இரண்டும் அதை ஏற்றன. உடனே முறைப்பாடுகள்: கரகரப்பு, சத்தமே இல்லை. அதுவரை எவரும் பெரிதாகத் தொடாத டிரைவர் வசதிகளை அது பாவித்ததால் மறைந்திருந்த கோளாறுகள் வெளிவந்தன. விநியோகித்தவர்களின் அவசரமும் ஒரு காரணம். ஏச்சு முழுவதும் பொட்டரிங்குக்கு. இது நியாயமில்லை என்பதே எமது எண்ணம்.

2021 இல் பெடோரா 34, விம் டேமன்ஸின் பைப்வயருக்கு மாறியது. அதுவும் அதே வழிதான்: பல்ஸ்ஓடியோவின் பாஷையையும், இசைக்கலைஞர்கள் பாவித்த ஜெக்கின் பாஷையையும் பேசும். அத்தகைய கணனியில் 'பேக்டிஎல் இன்போ' என்று தட்டிப் பாருங்கள். சேர்வரின் பெயர் என்ற இடத்தில் பல்ஸ்ஓடியோ என்றே வரும். அடைப்புக்குறிக்குள்தான் பைப்வயர் இருக்கும்.