துப்பாக்கிக் கட்டைக்கு எந்த எண்ணெய்? திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பொருள்சார் வரலாற்றுக் குறிப்பு

நெய்யாற்றின்கரைப் பக்கம் வேளாண்மை செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஓர் ஐயம் கேட்டார். அவர் குடும்பத்தில் பாட்டனார் காலந்தொட்டு உரிமத்துடன் இருந்துவரும் .315 ரைபிளின் மரக்கட்டை கறுத்துப் பொலிவிழந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் ஏற்றிப் புதிதாக்க விரும்புகிறார். எந்தச் சாயம், எந்த எண்ணெய் என்பது கேள்வி. தச்சரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று மாணவனிடம் கேட்கிறாரே என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் இது நமக்கும் உரிய கேள்வி என்பது விளங்கியது.

திருவிதாங்கூரின் படை வரலாற்றை நாம் பெரும்பாலும் உலோகத்தின் வரலாறாகவே படிக்கிறோம். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றதும், சிறைப்பட்ட டிலனாய் மார்த்தாண்டவர்மரின் படையைப் பயிற்றுவித்ததும், உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கப்பட்டதும் பாடநூல்களில் உள்ளன. குழலைத் தாங்கும் மரத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். மலையாளத்தில் அம்மரத்துக்குப் 'பாத்தி' என்று பெயர். நீரோடும் வாய்க்காலையும் தூம்பையும் அதே சொல் குறிக்கும். நீண்ட பள்ளமாகக் குடையப்பட்ட மரத்தில் குழல் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் புரியும்.

நண்பரின் ரைபிள் இஷாப்பூரில் பிறந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1904இல் ரைபிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பிரித்தானிய இந்தியப் படையின் .303 லீ என்ஃபீல்டு அங்கே உருவாயிற்று. படைக்குரிய தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகலாகாது என்பதால், அதே பொறியமைப்பில் குழல் அளவை மாற்றிக் குடிமக்களுக்கென வந்ததே .315. ஆகவே அந்தக் கட்டைக்கும் படைக் கட்டைக்கும் ஒரே மரபுதான். அக்ரூட் மரமும் ஆளிவிதை எண்ணெயும் அம்மரபின் இரு தூண்கள்.

தேக்கும் ஈட்டியும் விளையும் நாட்டில் அக்ரூட் எதற்கு? தேக்கு நீருக்கு அஞ்சாது. ஆனால் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஈட்டி உறுதியானது, தோளில் சுமந்து நடப்பவனுக்குக் கனம் மிகுதி. மேலும் ஈட்டியில் இயல்பாக உள்ள வேதிப்பொருள்கள் மேலே பூசும் எண்ணெயைக் காயவிடாமல் தடுக்கும். இவ்விரண்டும் திருவிதாங்கூரில் அரசுக்கே உரிய மரங்கள். ஈட்டி அழகிய இருக்கைகளாகவும் தேக்கு அரண்மனைத் தூண்களாகவும் ஆயின. அக்ரூட் மிதமான எடை உடையது, அதிர்வைத் தாங்குவது, ஈரத்தில் அதிகம் முறுகாதது.

இனி எண்ணெய். இங்கேதான் நம் கடற்கரைக்கே உரிய சிக்கல் வருகிறது. எண்ணெய் காய்வது என்பது நீர் காய்வதைப் போன்றதன்று. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மரத்தின் துளைகளுக்குள் கெட்டிப்படுகின்றன. இந்த இயல்பை அயோடின் எண்ணால் அளப்பர். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அந்த எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 110 அளவில். தேங்காயெண்ணெய்க்கு 10 அளவில்தான். எனவே எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் தேடும் இந்நாட்டில், அதைத் துப்பாக்கிக் கட்டையில் தேய்த்தால் ஆண்டுக்கணக்கில் ஆனாலும் காயாது. தூசியை ஈர்த்துக்கொண்டு கறுக்கும். நண்பரின் கட்டை கறுத்ததற்கும் இதுவே காரணம். வீட்டில் விசாரித்தபோது, ஓணந்தோறும் தேங்காயெண்ணெய் தடவியதாகப் பெரியவர்கள் சொன்னார்களாம்.

அப்படியானால் காயும் எண்ணெய்ப் பற்றிய அறிவு வெள்ளையரோடுதான் வந்ததா? இல்லை. அயினி என்று குமரித் தமிழரும் ஆஞ்ஞிலி என்று மலையாளிகளும் வழங்கும் மரத்தால் செய்யும் சுண்டன் வள்ளங்களைப் பாருங்கள். மத்தி மீனெண்ணெய், சிரட்டைக்கரி, முட்டை ஆகியவற்றைக் கலந்து அவற்றின் அடிப்புறத்தில் பூசுவது பழைய வழக்கம். மத்தி எண்ணெய் ஆளிவிதை எண்ணெயைப் போலவே ஆக்சிஜனை ஏற்கும் இயல்புடையது. மற்றொன்று, முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த அம்மரத்தின் ஓட்டெண்ணெய் இக்கரையில் படகுகளைக் காத்தது. கரையானும் அதை அண்டாது. வேதியியல் நூல் படிக்காமலேயே எந்த எண்ணெய் கெட்டிப்படும், எது படாது என்பதை வள்ளம் கட்டுவோர் அறிந்திருந்தனர்.

ஆயினும் இவை துப்பாக்கிக்கு உதவா. மீனெண்ணெயின் நாற்றம் வேட்டைக்காரனைக் காட்டிக்கொடுக்கும். முந்திரி ஓட்டெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கொல்லத்து முந்திரிக் கூடங்களில் கொட்டை உடைத்த பெண்களின் விரல்களே அதற்குச் சான்று. கன்னம் பதியும் கட்டைக்கு அது ஆகாது. ஆகவே படைவீரன் கையில் ஆளிவிதை எண்ணெயே தங்கியது. மெல்லப் பூசி, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுவது முறை. நீரை அது முற்றிலும் தடுப்பதில்லை. ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. இரு பருவமழைகளைக் காணும் நம் ஊரில் அதுவே பெரிய உதவி. மரம் உப்பிக் குழலை அழுத்தினால் குறி விலகும்.

சாயத்தைப் பற்றி: உலகப்போர்க் காலத்தில் அக்ரூட் போதாமல் பீச் போன்ற வெளிறிய மரங்களைப் பயன்படுத்தியபோது அவற்றுக்கு நிறமேற்றினர். நல்ல அக்ரூட்டுக்கு அது வேண்டுவதில்லை. பழைய ஆளிவிதை எண்ணெயே செம்பழுப்பு தரும். நிறமித் துகள் கலந்த சாயம் மரத்தின் வரிகளை மறைத்துவிடும். திருகுகளைச் சுற்றிக் காணும் கருமையும் அழுக்கன்று. கடுக்காய் நீரில் இரும்பு சேர்ந்தால் மையாவதுபோல, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் நீரும் கூடி எழுதிய குறிப்பு அது. எங்கே நீர் புகுந்தது என்பதை அது சொல்லும்.

என் பதில் ஒரே வரியில் முடிந்தது: உப்புத்தாளைத் தொடாதீர்கள். பழைய கட்டைகளில் தொழிற்சாலை முத்திரை, பழுதுபார்ப்பு அடையாளம், படைப்பிரிவின் குறி ஆகியவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கும். ஒரு பிற்பகல் தேய்த்தால் அவை போய்விடும். டர்பண்டைனில் நனைத்த துணியால் காயாத எண்ணெயையும் அழுக்கையும் மட்டும் எடுத்து, பின் ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகளாக, ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பின் அடுத்ததாக ஏற்றச் சொன்னேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்கலாகாது என்றும் எச்சரித்தேன். எண்ணெயைக் கெட்டியாக்கும் அதே வினை வெப்பத்தையும் உண்டாக்கும்; சுருண்ட துணி தானே தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும்.

நேற்று நண்பர் படம் அனுப்பினார். அழுக்கு நீங்கிய பின்கட்டையின் அடியில், கத்திமுனையால் கீறிய இரண்டு தமிழெழுத்துகள்: பாட்டனாரின் பெயரின் முதலெழுத்துகள். வீட்டில் இருக்கும் எவரும் அதுவரை அவற்றைக் கண்டதில்லை. அவர் கையெழுத்தாக அக்குடும்பத்தில் எஞ்சியிருப்பது அது ஒன்றே.

அருங்காட்சியகப் பொருள்களை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீளம், எடை, காலம் ஆகியவற்றைக் குறித்த பின், மேற்பூச்சு என்ன என்றும் ஒரு வரி எழுதுங்கள். அதுவும் ஆவணமே. ஒரு முறை தேய்த்துவிட்டால் மறுபடி எழுத முடியாத ஆவணம்.