மலைப்பாதையும் மின்பாதையும்

கேமரன் மலைக்குத் தம் பெயரைத் தந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர், 1885-ஆம் ஆண்டில் குலோப் ரியாவ் என்பவரோடு பேராக், பகாங் எல்லைக் காடுகளை அளந்து செல்லுகையில், மலைகள் சூழ நடுவே சரிவு தணிந்து விரிந்ததோர் பீடபூமியைக் கண்டதாக அரசாங்கத்துக்கு அறிவித்தார்; ஆயினும் அதன் ஸ்தானத்தை வரைபடத்தில் குறியாமலே மறுவருஷம் காலமானார். ஸர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் 1925-இல் அங்கே சென்று, மலைவாசஸ்தலம் அமைக்கத் தகுந்த இடமென்று தீர்மானிப்பதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மார்க்கத்தைக் கண்டறிவது ஒன்று. அதைப் பிறர் நம்பி நடக்கும்படி அறிவித்து வைப்பது வேறொன்று.

பின்னர் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குச் சாலை ஏறியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, செங்குத்தான சரிவில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய நம்மவரின் உழைப்பெல்லாம் தேயிலையாகி இறங்கியது அந்த ஒற்றைச் சாலையில்தான். அடைமழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வேறொரு சாலை வந்தது பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகே.

கணினி வலையமைப்பின் சரித்திரத்தைப் படிக்கும்போது இம்மலைச் சாலைகளே என் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு பாதையையும் மனிதர் கையால் எழுதிவைத்தால், அப்பாதை அறுந்த கணமே போக்குவரத்து நின்றுவிடும் என்பதால், 1969-இல் அமெரிக்காவில் பிறந்த ஆர்ப்பாநெட்டில் இயந்திரங்களே தத்தம் அண்டை இயந்திரங்களுக்குத் தூரக் கணக்கைச் சொல்லிக்கொண்டன. 1979-இல் அம்முறை மாறி, ஒவ்வொன்றும் தன் இணைப்புகளின் நிலையை எல்லோருக்கும் பிரகடனம் செய்ய, ஒவ்வொன்றும் தானே குறுகிய வழியைக் கணக்கிட்டது. 1980 அக்டோபர் 27-இல், வரிசையெண் சிதைந்த மூன்று அறிவிப்புகள், ஒன்றைவிட மற்றொன்று புதிதென்று தோன்றும்படி ஓயாமல் சுற்றிவர, முழு வலையமைப்பும் பல மணி நேரம் ஸ்தம்பித்தது. அண்டையாரின் வாக்கை நம்பும் ஏற்பாட்டில் அவ்வாக்கைப் பரிசோதிப்பதும் அவசியம் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

அப்பாடங்களின் வழியே 1989-இல் வெளிவந்த ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறையே இன்று அலுவலக ஸ்விட்சுகளில் ஓடுகிறது. பொதுவாகப் பத்து வினாடிக்கு ஒருமுறை ஹலோ செய்தி செல்லும். நாற்பது வினாடி மௌனம் நீடித்தால் அண்டை இறந்ததாகக் கருதப்படும். இக்கால அளவோ பகுதி எண்ணோ இருபுறமும் மாறுபட்டிருந்தால், கேபிள் பழுதற்றிருந்தும் உறவு முளைக்காது. பாக்கெட்டின் உச்ச அளவு பொருந்தாவிட்டாலோ உறவு பாதியில், எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே, தவித்து நிற்கும். ஆகவே கட்டளைகளைத் தட்டி முடித்ததோடு எழுந்துவிடாமல், ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ என்று கேட்டு, ஒவ்வோர் அண்டையின் எதிரிலும் ‘ஃபுல்’ என்ற சொல் வந்ததா என்று பார்க்கிறவரையே தொழில் தெரிந்தவர் என்பேன். அண்டைகளுக்குள் இருவர் மாத்திரம் ‘டூவே’ என்று நின்றுவிட்டால் பதற வேண்டுவதில்லை. பலர் கூடும் இணைப்பில் அது இயல்பே. அதன்பின்னும் அவர் ஓய்வதில்லை: வேலை நேரம் முடிந்த பிறகு பிரதான இணைப்பின் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, போக்குவரத்து மாற்றுப் பாதைக்குத் திரும்ப எத்தனை வினாடி பிடிக்கிறதென்று எண்ணிக் குறித்துக்கொண்டு, மறுபடி செருகி, பழைய பாதை தானே மீள்கிறதா என்றும் பார்ப்பார்.