வணிக அடையாள நிறம்

ஒரு நிறுவனம் தன் சின்னம், உறை, பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் மாறாமல் கையாளும் நிறம். தமிழ்நாட்டில் பால் விற்கும் ஆவின் நிறுவனத்தைப் பார்த்தாலே போதும். கடையில் பாலின் வகைப்பெயரைச் சொல்லிக் கேட்பவர் அரிது. "ஒரு பச்சை, ரெண்டு நீலம்" என்பதே வழக்கம். நீலத்தில் கொழுப்பு 3 விழுக்காடு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. 2023இல் 3.5 விழுக்காட்டுப் பால் ஊதா உறையில் வந்தது. அதே ஆண்டு பச்சையை நிறுத்த முனைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது.

உப்பின் பாடு வேறு. ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூர்–வாலிநோக்கம் உப்பளத்தில் விளைவதும் வெள்ளை, போட்டியாளர் விற்பதும் வெள்ளை. உறைதான் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். அங்கு உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014இல் 'அம்மா உப்பு', 2022இல் 'நெய்தல் உப்பு' என்ற பெயர்களில் சில்லறை விற்பனைக்கு வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் வெள்ளை மையை அடியில் பூசாவிட்டால் எந்த நிறமும் மங்கித் தெரியும். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி நிறச் சேர்க்கையையும் சின்னமாகப் பதியலாம்.