மெய்நிகர் தரவுத்தளங்களின் இடையறா இயக்கமும் பேரிடர் மீட்பும்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களாக ஓடும் தரவுத்தளங்கள் நிற்காமலும், நின்றால் தரவு இழக்காமலும் இருக்கச் செய்யும் வடிவமைப்பு. சர்வர் பழுதானால் மெய்நிகராக்க மென்பொருள் அதில் ஓடிய இயந்திரத்தை வேறொரு சர்வரில் மறுதொடக்கம் செய்யும். தரவுத்தளம் பதிவேட்டைப் படித்துச் சீராகச் சில நிமிடங்கள் ஆகலாம். அந்த இடைவெளியும் கூடாதெனில் தரவுத்தளமே தன் நகலை இன்னொரு இயந்திரத்தில் வைத்திருக்க வேண்டும். மூலமும் நகலும் ஒரே சர்வரில் அமர்ந்துவிடாதபடி விதி எழுதுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்படி மறுதொடக்கம் செய்யச் சர்வர்கள் பகிரும் பொதுச் சேமிப்பகமே பெரும் பலவீனம். 2021 பிப்ரவரி 24 அன்று மும்பை தேசியப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்ததைத் தொடர்ந்து சேமிப்பக வலையமைப்பு எட்டாமல் போனது, காலை 11.40க்கு நின்ற வணிகம் மாலை 3.45க்கே தொடங்கியது. சென்னையில் மாற்று மையம் இருந்தும் அதற்கு மாறவில்லை. அடுத்த மாதமே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 30 நிமிடத்துக்குள் பேரிடர் அறிவிப்பு, அதன்பின் 45 நிமிடத்துக்குள் மீட்பு என விதித்தது.

தொலைவுக்கு விலை உண்டு. ஒளியிழையில் 1,000 கி.மீ. போய்வர 10 மில்லிநொடி ஆவதால், தொலைமையத்துக்குப் பொதுவாகப் பின்தங்கிய நகலே அனுப்பப்படுகிறது. ஆனால் பக்கத்துக் கட்டடம் போதாது: 2023 டிசம்பர் பெருமழையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி நகரை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் மூலத்தை வைப்பவர் நகலை அந்நகரில் வைத்தால் இரண்டும் ஒரே வெள்ளத்தில் சிக்கக்கூடும். மதுரையோ கோவையோ நல்லது.