18ஆவது நகர்வு: 'அமர ஆட்ட'மும் சதுரங்கப் பகுப்பாய்வின் வளர்ச்சியும்

முன்னுரை

வல்லவர் இருவர் ஆடி முடித்த ஆட்டத்தை நகர்வு நகர்வாகப் பிரித்துப் பார்ப்பது இன்று சதுரங்கக் கல்வியின் அடித்தளம். ஆனால் அந்தப் பகுப்பாய்வு எதைத் தேடியது என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது. வென்றவரின் திறமையைப் போற்றுவதில் தொடங்கி, தோற்றவருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கும் நிலைக்கு அது வளர்ந்தது. இந்த வளர்ச்சியை ஒரே ஆட்டத்தின் ஒரே கட்டத்தை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஜெர்மனியின் அடால்ஃப் ஆண்டர்சனும் பாரிஸில் வாழ்ந்த லியோனல் கீசெரிட்ஸ்கியும் 1851 ஜூன் 21 அன்று லண்டனில் ஆடிய ஆட்டம் அது.

பதிவின் தொடக்கம்

1749இல் ஃபிலிடோர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் உள்ளவை பெரும்பாலும் கொள்கைகளை விளக்க அவரே அமைத்துக்கொண்ட மாதிரி ஆட்டங்கள். மெய்யான போட்டி ஆட்டங்களே ஆய்வுப் பொருளாவதற்கு 1834 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு லாபோர்தனேயும் மெக்டானலும் லண்டனில் மோதிய தொடரின் 85 ஆட்டங்கள் பதிவாகி நமக்குக் கிடைத்துள்ளன. 1836இல் பாரிஸில் 'லெ பலமேது' என்ற சதுரங்க இதழ் தொடங்கியது. ஒரு நகரில் ஆடிய ஆட்டத்தை இன்னொரு நகரத்தார் அச்சில் படித்து விவாதிக்கும் வழி திறந்தது.

ஆண்டர்சன்–கீசெரிட்ஸ்கி ஆட்டமும் இவ்வழியில்தான் பரவியது. முதல் பன்னாட்டுப் போட்டித் தொடர் நடந்துகொண்டிருந்த நாட்களில், தொடரில் சேராத நட்பு ஆட்டமாக அது ஆடப்பட்டது. தான் தோற்ற ஆட்டத்தைக் கீசெரிட்ஸ்கியே அடுத்த மாதம் தம் 'லா ரெஜான்ஸ்' இதழில் வெளியிட்டார். 1855இல் எர்ன்ஸ்ட் ஃபால்க்பீர் அதற்கு 'அமர ஆட்டம்' என்று பெயரிட்டார்.

பலகையில் நடந்தது

கறுப்பின் 17ஆவது நகர்வு முடிந்தபோது அதன் ராணி பி2 கட்டத்தில் நின்றது. வெள்ளையின் யானைகள் ஏ1-இலும் ஜி1-இலும் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன. ஆண்டர்சன் இரண்டையும் காக்கவில்லை. பிஷப்பை டி6-க்கு நகர்த்தினார். அந்தப் பிஷப்பைப் பிடித்தால் குதிரை செக் தந்து, நான்கே நகர்வுகளில் ராணி எஃப்8-இல் செக்மேட் செய்துவிடும். கீசெரிட்ஸ்கி அதைத் தவிர்த்து ஜி1 யானையைப் பிடித்தார். உடனே ஆண்டர்சன் ஒரு சிப்பாயை இ5-க்குத் தள்ளினார். பி2-இலிருந்து ஜி7-க்குச் செல்லும் மூலைவிட்டம் அடைபட்டது. கறுப்பு ராணியால் தன் ராஜாவின் உதவிக்குத் திரும்ப முடியவில்லை. இரண்டாவது யானையையும் கறுப்பு பிடித்தது. இறுதியில் வெள்ளை தன் ராணியையும் பலி கொடுத்து, இரு குதிரைகளையும் ஒரு பிஷப்பையும் கொண்டு 23ஆவது நகர்வில் செக்மேட் செய்தது. கறுப்பு ஆட்டம் முழுவதிலும் இழந்தவை மூன்று சிப்பாய்கள் மட்டுமே.

தற்காப்பின் கேள்வி

அன்றைய ரசிகர்களுக்கு இந்தப் பலிகளின் அழகே போதுமானதாக இருந்தது. அதற்கு அப்பால் சென்றவர் வில்லெல்ம் ஸ்டைனிட்ஸ். 1866இல் ஆண்டர்சனையே தொடர் ஆட்டத்தில் வென்றவர் அவர். சரியான தற்காப்பு இருக்கும்போது தாக்குதல் தானாக வென்றுவிடாது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. 1879இல் அவர் சுட்டிய மாற்று வழி இது: கறுப்பு முதலில் ஏ1 யானையைப் பிடிக்க வேண்டும். அது செக் என்பதால் வெள்ளை தன் ராஜாவை நகர்த்தியே ஆக வேண்டும். சிப்பாயை இ5-க்குத் தள்ள அவகாசம் கிடைக்காது. ராஜா இ2-க்கு வந்ததும் ராணி பி2-க்குத் திரும்பி சி2 சிப்பாயை மிரட்டும். அதைக் காக்க ராஜா டி2-க்குச் சென்றால், ஜி1 யானையையும் அப்போது பிடிக்கலாம். இரண்டு வழிகளிலும் பிடிபடும் யானைகள் அவையே, மாறியது வரிசைதான். தோற்றவர் பக்கம் அமர்ந்து யோசித்த பகுப்பாய்வின் பயன் இது.

பின்னர் ரிச்சர்ட் ரேட்டி இன்னும் ஒரு நகர்வு பின்னோக்கிச் சென்று, வெள்ளை 17ஆவது நகர்விலேயே சிப்பாயை டி4-க்குத் தள்ளியிருக்கலாம் என்று பரிந்துரைத்தார். வென்றவரின் நகர்வும் விசாரணைக்கு உட்பட்டது. பாப்பிரஸ் சுவடி அறிஞருமான கிராண்ட்மாஸ்டர் ராபர்ட் ஹியூப்னர், பாடபேதம் பார்ப்பவரின் கண்டிப்போடு இந்த ஆட்டத்தை அணுகினார். 18ஆவது நகர்வில் பிஷப்பை டி6-க்கு வைப்பதைவிடச் சிறந்த வழிகள் மூன்றேனும் உண்டு என்றார் அவர். உலகம் கொண்டாடிய நகர்வு துல்லியமான நகர்வு அல்ல என்று ஆயிற்று. வெள்ளை அடக்கமான வழியில் வென்றிருந்தால் சதுரங்க உலகம் ஒரு மணிமகுடத்தை இழந்திருக்கும் என்பது முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவின் கருத்து.

குறியீடும் கணினியும்

1966இல் பெல்கிரேடில் தொடங்கிய 'சதுரங்க இன்ஃபார்மண்ட்' தொடர், சொற்களை விலக்கிக் குறியீடுகளாலேயே பகுப்பாய்வை எழுதியது. எந்த மொழியினரும் அதைப் படிக்க முடிந்தது. ஆனால் காரணங்களை விரித்துச் சொல்ல அதில் இடமில்லை. 1997இல் டீப் ப்ளூ என்ற கணினி காஸ்பரோவை வென்றது. இன்று எந்த நிலைக்கும் கணினி நொடிகளில் ஓர் எண்ணைத் தருகிறது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்கத் தலைமுறைகள் தேவைப்பட்ட காலம் முடிந்துவிட்டது.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம்: ஆட்டப் பகுப்பாய்வு இரண்டு தீர்ப்புகளைத் தர வேண்டும். நகர்வு சரியா என்பது முதல் தீர்ப்பு. ஆடியவர் அதை ஏன் தேர்ந்தார் என்பது இரண்டாவது. முதலாவதில் கணினியை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவது இன்றும் மனிதரின் பொறுப்பு. கீசெரிட்ஸ்கி கவனிக்கத் தவறியது செக்கும் இல்லாத, எந்தக் காயையும் பிடிக்காத ஓர் அமைதியான சிப்பாய் நகர்வை. கைக்கு எட்டும் தூரத்தில் இரு யானைகள் நிற்கும்போது அத்தகைய நகர்வு கண்ணில் படுவது அரிது. இதைப் புரிந்துகொண்ட மாணவர், அடுத்த முறை காயைப் பிடிக்குமுன் எதிராளியின் அமைதியான நகர்வுகளையும் தேடிப் பார்ப்பார்.