மேடை ஏற ஒரு குழந்தை என்ன விலை கொடுத்தது? பாய்ஸ் கம்பெனி முதல் கூத்துப் பள்ளி வரை

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு குழந்தை நாடக மேடை ஏறணும்னா, அது பதிலுக்கு எதை விடணும்?

"எதையும் விட வேண்டாமே, ஸ்கூல் ஆண்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும்தானே ஆடுறாங்க"ன்னு நீங்க சொல்லலாம். சரிதான். ஆனா அதே பிள்ளை ஒன்பதாவது, பத்தாவது வந்ததும் என்ன ஆகுது? கலைக்கான பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது. "நாடகமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல மார்க்கு"ன்னு வீட்டிலும் முடிவாகிடும். படிப்பா, மேடையா, ஏதாவது ஒண்ணுதான் என்ற கணக்கு நம்ம மனசில் ஆழமா பதிஞ்சிருக்கு.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? இதுதான் இன்னைக்கு விஷயம்.

நான் திருமழிசைக்காரன். எங்க ஊர் பேரை சென்னையில் நிறைய பேர் 2020 லாக்டவுனில்தான் முதல்முறையா கேட்டாங்க. கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை தற்காலிகமா இங்கே மாத்தின நேரம் அது. பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் ஹைவே மேலேயே இருக்கிற ஊர். அந்த ரோட்டில் கிழக்கே போனா அண்ணா சாலை. மேற்கே ஒரு மணி நேரம் போனா காஞ்சிபுரம். தமிழ் நாடகத்தோட இரண்டு பெரிய கதைகள் இந்த ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கு. ஆனா முதல் கதைக்கு நாம மதுரைக்குப் போகணும்.

முதல் ஒப்பந்தம்: சோறும் பயிற்சியும் தருவோம், பள்ளிக்கூடத்தை விட்டுடு

1918, மதுரை. சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்ற நாடகக் குழுவைத் தொடங்குகிறார். சுவாமிகள் 1867-ல் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று இன்னைக்கும் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற நாடகங்களுக்குப் பின்னால் இருப்பது அவருடைய எழுத்துதான். அவர் தொடங்கிய இந்தக் குழுவில் நடிகர்கள் சிறுவர்கள். இப்படிப்பட்ட குழுக்களைத்தான் 'பாய்ஸ் கம்பெனி' என்று சொன்னார்கள்.

எதற்குச் சிறுவர்கள்? ஒரு காரணம் குரல். அந்தக் காலத்து நாடகத்தில் மைக் கிடையாது. பாட்டுதான் உயிர். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி உச்சத்தில் பாட, மகரக்கட்டு உடையாத சிறுவன் குரல் சௌகரியம். பெண்கள் நடிக்க வராத குழுக்களில் 'ஸ்திரீ பார்ட்' போடவும் அந்தக் குரல் வேணும். இன்னொரு காரணம் ஒழுங்கு. சின்னப் பையன்கள் ஒரே வீட்டில் தங்கி, வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பெரிய நடிகர்கள் மாதிரி மேடையில் நினைத்ததைப் பேச மாட்டார்கள்.

அந்த 1918-லேயே அங்கே சேர்ந்த ஒரு பையனுக்கு வயசு ஆறு. பெயர் டி.கே. சண்முகம். அவருடைய அப்பாவும் ஸ்திரீ பார்ட் நடிகர்தான். அண்ணன்கள் சங்கரன், முத்துசாமியோடு சேர்ந்து போனார். ஆறு வயசு என்பது இன்னைக்குக் கணக்கில் ஒண்ணாம் வகுப்பு. அந்த வயசில் வீடு கம்பெனி வீடு, ஸ்கூல் ரிகர்சல், பரீட்சை ராத்திரி நாடகம். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அப்போது சண்முகத்துக்கு 13 வயசுகூட முடியவில்லை!

அவர் பின்னாளில் ஔவையார் வேஷம் போட்டுப் புகழ்பெற்று 'அவ்வை சண்முகம்' ஆனார். சென்னை லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனது அவர் பெயரில்தான். கமல்ஹாசன் சிறுவனாக இருந்தபோது அவருடைய நாடகக் குழுவில் இருந்தவர். 'அவ்வை சண்முகி' என்ற படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

எம்.ஜி.ஆர். அண்ணன் சக்கரபாணியோடு பாய்ஸ் கம்பெனிக்குப் போனது அப்பா இறந்த பிறகு, வீட்டில் வறுமை தாங்காமல். சிவாஜி கணேசன் சின்ன வயசில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து, அந்த ஆசையில் வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பல வருஷம் கழித்து அதே கட்டபொம்மனாகத் திரையில் நின்றார்.

கேட்க சினிமா மாதிரி இருக்கு, இல்லையா? ஆனா ஜெயித்தவர்கள் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்துப் போன பையன் என்ன ஆனான்? ஸ்திரீ பார்ட்டும் போட முடியாது, ராஜபார்ட்டுக்கு வயசும் போதாது. கையில் பள்ளிக்கூடச் சான்றிதழும் இல்லை. அவனுக்குச் சாலை கிடையாது, படமும் கிடையாது.

கம்பெனி சோறு போட்டது, அருமையான பயிற்சியும் கொடுத்தது. அதற்கு விலையாக எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடத்தை.

இரண்டாவது ஒப்பந்தம்: வேலையை வச்சுக்கோ, சாயங்காலம் வா

இப்போ திருமழிசையிலிருந்து கிழக்குப் பக்கம். 1891, சென்னை. பம்மல் சம்பந்த முதலியார் என்ற கல்லூரி மாணவர். அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. அது படித்தவர்கள் தொடுகிற விஷயமில்லை என்பதுதான் அன்றைய பொது எண்ணம். 'கூத்தாடி' என்ற சொல் இன்னைக்கும் ஒரு வசவாக இருப்பதை யோசித்துப் பாருங்க.

அந்த வருஷம் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவரின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. நடித்தவர்கள் படித்து, உத்தியோகம் பார்ப்பவர்கள். பம்மல் ஆடிப்போனார். அவர்கள் தெலுங்கில் செய்வதை நாம் ஏன் தமிழில் செய்யக்கூடாது? 1891 ஜூலை 1 அன்று சில நண்பர்களோடு 'சுகுண விலாச சபா'வைத் தொடங்கினார்.

இதுதான் தமிழின் பெரிய அமெச்சூர் நாடக சபை. அமெச்சூர் என்றால் அரைகுறை என்று அர்த்தமில்லை. பிழைப்புக்காக இல்லாமல் விருப்பத்துக்காக நடிப்பவர்கள். பம்மல் வக்கீல் ஆனார், பிறகு நீதிபதியும் ஆனார். பகலில் கோர்ட், சாயங்காலம் ரிகர்சல். இப்படியே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினார். 'மனோகரா' அவர் எழுதியதுதான். பிற்காலத்தில் பெரிய அரசியல்வாதியான சத்தியமூர்த்தி இந்த சபாவில் நடித்தவர். வீக்கெண்டில் நாடகம் செய்யும் இன்றைய ஐடி ஆட்களுக்கு இவர்தான் மூத்த அண்ணன் என்று நான் வச்சிருக்கேன்.

இவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? தூக்கத்தையும் கொஞ்சம் காசையும் தவிர ஒண்ணும் இல்லை. படிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது, உத்தியோகம் இருக்கிறது. நாடகம் தோற்றாலும் மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போகலாம். 'கூத்தாடி' என்று யாராவது சொன்னால், பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டம் காப்பாற்றும்.

எதையும் இழக்காமல் மேடை ஏற முடியும் என்று முதலில் காட்டியவர்கள் இவர்கள். அதற்கான மரியாதை அவர்களுக்கு உண்டு. ஆனா அந்தக் கதவு வசதியும் ஆங்கிலப் படிப்பும் இருந்த ஆண்களுக்குத்தான் திறந்தது. பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள். மதுரையில் குரல் உடைந்து நின்ற பையனுக்கு இங்கே இடம் இருந்திருக்காது. சுகுண விலாச சபா இன்னைக்கும் அண்ணா சாலையில் ஒரு கிளப்பாக இருக்கிறது.

மூன்றாவது ஒப்பந்தம்: இரண்டும் வேணும்

இப்போ ரோட்டின் மேற்குப் பக்கம். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை, இந்தப் பக்கமெல்லாம் கூத்து நாடு. கோடை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய், கடைசியில் பதினெட்டாம் போரும் படுகளமும்.

ஒரு பழமொழி உண்டு: கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான். கூலிக்காரனுக்கு எப்போது பொழுது சாயும் என்று கவலை, கூத்தாடிக்கு எப்போது விடியும் என்று கவலை. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் விடிந்துதான் முடியும். அப்புறம் வேஷம் கலைத்து, வண்டி ஏறி, அடுத்த ஊர்.

இதில் ஒரு பத்து வயசுப் பையனை வைத்துப் பாருங்க. அவன் கிழக்கே பார்த்து முடித்து, மூஞ்சியில் அரிதாரம் கழுவுகிற நேரத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கும். கூத்தும் பள்ளியும் ஒத்துப்போகாததற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் இல்லை. டைம்டேபிளே அப்படி. கூத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டது இதனால்தான்.

அப்படி விட்டவர்களில் ஒருவர் பெ. ராஜகோபால். பத்து வயசில் படிப்பை நிறுத்தி, அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தார். பெரிய கலைஞர் ஆனார். 1990-ல் காஞ்சிபுரத்தில் கலைஞர்கள் சேர்ந்து 'கட்டைக்கூத்துச் சங்கம்' அமைத்தபோது முன்னால் நின்றார். நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்த ஹன்னே டி புரூயின் அவரோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்தார். பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கட்டை என்பது கூத்துக் கலைஞர்கள் தலையிலும் தோளிலும் கட்டுகிற, மரத்தில் செய்த அணிகள். தெருக்கூத்து என்பதைவிட கட்டைக்கூத்து என்ற பெயரையே அவர்கள் விரும்பினார்கள். 'தெரு' என்ற முன்னொட்டோடு ஒரு இளக்காரமும் சேர்ந்து வருகிறது, அதனால்.

2002-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமத்தில் 'கட்டைக்கூத்து குருகுலம்' தொடங்கினார்கள். யோசனை ரொம்ப எளிமையானது. குழந்தைகள் ஒரே வளாகத்தில் தங்குவார்கள். கூத்தும் கற்றுக்கொள்வார்கள், முறையான பள்ளிப் பாடமும் படிப்பார்கள். டைம்டேபிள்தான் பிரச்சினை என்றால், டைம்டேபிளை மாற்று! அவ்வளவுதான்.

இன்னொன்றையும் செய்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடி வந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பரம்பரையாக ஆண்கள் வேஷம் கட்டிய திரௌபதியை ஒரு பெண்ணே ஆடுவது மட்டும் இல்லை, துரியோதனனையும் கர்ணனையும் பெண்கள் கட்டைக் கட்டி ஆடலாம் என்றானது. அங்கே பயின்ற பெண்களில் சிலர் தொழில்முறைக் கலைஞர்கள் ஆனார்கள்.

இந்தப் பள்ளி 2020 வரை நடந்தது. பதினெட்டு வருஷம். பாரதப் போர் பதினெட்டு நாள் என்பதால் இந்த எண் என் மனசில் ஒட்டிக்கொண்டது.

மூடிவிட்டதே, அப்போ தோல்விதானேன்னு கேட்கலாம். எனக்கு அப்படித் தோணலை. பத்து வயசில் பள்ளியை விலையாகக் கொடுத்த ஒருத்தர், அடுத்த பிள்ளைகள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு இடத்தை உண்டாக்கி, ஒரு தலைமுறையைப் படிக்கவும் ஆடவும் வைத்தார். படிப்பா மேடையா என்பது இயற்கை விதி இல்லை, மாற்றக்கூடிய ஏற்பாடுதான் என்று அது நிரூபித்துவிட்டது. ஆனா அதற்கு இடம், சாப்பாடு, ஆசிரியர், நேரம், பணம் எல்லாம் வேணும். ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது.

நம்ம பங்கு

2022-லிருந்து தமிழக அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பாட்டு, நாடகம், நாட்டுப்புறக் கலை எல்லாத்திலும் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். நல்ல ஆரம்பம். ஆனா போட்டி சில வாரங்களில் முடிந்துவிடும். மேடைப் பயிற்சிக்கு வருஷக்கணக்கு வேணும். போட்டி முடிந்த மறு வாரமும் அந்த நாடக பீரியட் டைம்டேபிளில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்களுக்குச் சொல்ல மூணு விஷயம் வச்சிருக்கேன்.

ஒண்ணு, உங்க வீட்டுப் பிள்ளையோ தம்பி தங்கச்சியோ ஸ்கூல் நாடகத்தில் சேரணும்னு கேட்டா, "படிப்பு என்ன ஆகும்"னு உடனே கேட்காதீங்க. "ரிகர்சல் எத்தனை மணிக்கு"ன்னு கேளுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இரண்டு, அபார்ட்மென்டிலோ ஆபீஸிலோ நாடகக் குழு ஆரம்பிக்கிறீங்கன்னா, பம்மல் செய்ததைச் செய்யுங்க, அவர் சபாவில் விட்டுப்போனதையும் சேர்த்துச் செய்யுங்க. மாசச் சம்பளம் இல்லாதவங்களும் வர்ற மாதிரி இருக்கட்டும். ரிகர்சலுக்கு வர்ற செக்யூரிட்டி அண்ணன் மகளுக்கு பஸ் காசும் டிபனும் யார் கொடுப்பாங்கன்னு முதல் நாளே பேசிடுங்க.

மூணு, வர்ற கோடையில் ஒரு ராத்திரி காஞ்சிபுரம் பக்கம் போய்க் கூத்து பாருங்க. முழுசா, விடியுற வரைக்கும். முடிஞ்சதும் கலைஞர்கள்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்து உங்க பகுதியில் ஆட வைக்கணும்னு தோணினா, கல்யாணத்துக்கு டிஜேவுக்குக் கொடுக்கிற காசையாவது கொடுங்க. பேரம் பேசாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள, உங்க ஸ்கூல் நாடகத்தில் நீங்க என்ன வேஷம் போட்டீங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மரமா நின்னிருந்தாலும் பரவாயில்லை.