ஆஸ்திரேலிய நாணயங்களில் காட்டுயிர்கள்

ஆஸ்திரேலிய மண்ணுக்கே உரிய விலங்குகளையும் பறவைகளையும் பொறித்து 1966 முதல் வெளிவரும் காசு வரிசை. உலகக் காசுகளில் காட்டுயிர்களைத் தேடிச் சேர்க்க விரும்புபவர் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

1910இல் ஆஸ்திரேலியா தனக்கென வெளியிட்ட முதல் வெள்ளிக் காசுகளில் கங்காருவும் ஈமுவும் அரசுச் சின்னத்துக்குத் துணையாக நின்றன, அவ்வளவுதான். 1938இல் பென்னியில் கங்காரு தனியே தாவியது. அதே ஆண்டு ஷில்லிங்கில் வந்ததோ செம்மறிக் கடாவின் தலை. கம்பளி வணிகத்தின் பெருமை அது. ஆனால் செம்மறி கப்பலில் வந்த விலங்கு.

1966 பிப்ரவரி 14 அன்று பவுண்டு, ஷில்லிங் கணக்கு போய் டாலர், சென்ட் கணக்கு வந்தது. புதிய காசுகளை வடிவமைத்தவர் ஜீலாங் நகரில் பிறந்த பொற்கொல்லர் ஸ்டூவர்ட் டெவ்லின். மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும், இறகுபோன்ற வாலுடைய சின்னஞ்சிறு விலங்கை 17.5 மில்லிமீட்டரே அகலமுள்ள ஒரு சென்ட்டில் வைத்தார். 2 சென்ட்டில் கழுத்துமடலை விரித்து மிரட்டும் பல்லி, 5இல் எக்கிட்னா, 10இல் தோகை விரித்த யாழ்ப்பறவை, 20இல் பிளாட்டிபஸ். முட்டையிடும் பாலூட்டிகள் இரண்டுக்கும் இடம் கொடுத்தது அழகான தேர்வு. 5 சென்ட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: எக்கிட்னாவின் முட்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலெழுந்து நிற்கும். பொன்னில் பழகிய கை என்பது அங்கே தெரியும்.

50 சென்ட்டில் கங்காருவும் ஈமுவும் பழையபடி அரசுச் சின்னத்தோடு வந்தன. 80 சதவீத வெள்ளி கலந்த அந்த வட்டக் காசு, வெள்ளி விலை ஏறியதால் ஓராண்டோடு நின்றது. 1969இல் பன்னிரு பக்கக் காசு வந்தது.

சேகரிப்பாளர்கள் விடாமல் தேடுவது 1966ஆம் ஆண்டின் ஒருவகை 20 சென்ட்டை. கான்பெராவில் புது நாணயச்சாலை இருந்தும் தேவை மிகுந்ததால் லண்டனிலும் அச்சடித்தார்கள். அப்படி வந்தவற்றில் சிலவற்றில் '2' என்ற எண்ணின் அடிக்கோடு நேராக இல்லாமல் அலைபோல் நெளிந்திருக்கும். தேய்ந்த காசில் அந்த நெளிவு எளிதில் கண்ணுக்குப் படாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும்.

1, 2 சென்ட் காசுகள் 1992 முதல் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை உருக்கிய வெண்கலம் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களுக்குப் பயன்பட்டது. எக்கிட்னாவும் யாழ்ப்பறவையும் பிளாட்டிபஸும் புழக்கத்தில் நீடிக்கின்றன. முகப்பில் அரசியின் உருவம் பலமுறை மாறி, பின்னர் மன்னர் சார்லஸின் உருவம் வந்தபோதும் மறுபக்கத்தில் இவையே இருந்தன.